புதிய ஹார்ட்கோர் வெளியீடுகளை எந்த முனையிலிருந்து கேட்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது. கல்லூரிக் காலத்தில் ரமோன்ஸ், மைனர் த்ரெட், பேட் ரிலிஜன் என்று பங்க் ராக் குழுக்களைக் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். நடுவில் இருபது ஆண்டுகள் விட்டுப்போயிற்று. இப்போது திரும்பி வந்து பார்த்தால் பங்க், அதிலிருந்து பிறந்து வேகமும் கடுமையும் கூடிய ஹார்ட்கோர் ஆகிய குழுக்களின் புதிய வெளியீடுகள் வாரம் தவறாமல் வந்து குவிகின்றன. எதைப் போட்டாலும் ஒரே இரைச்சலாகக் கேட்கிறது. கால் மணி நேரத்தில் முடிந்துபோவதை ஆல்பம் என்கிறார்கள். எதைக் கேட்பது, எதை விடுவது என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் "இதெல்லாம் இன்னும் பங்க்தானா?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் கேள்வி இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பத்துப் பெயர்களை எழுதித் தந்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்தப் பத்தையும் நீங்கள் இப்போது கேட்கிற முறையிலேயே கேட்டால் பத்தும் இரைச்சலாகத்தான் இருக்கும். அதனால் கேட்கும் முறையிலிருந்தே தொடங்குகிறேன். பெயர்கள் வழியில் வரும்.

நான் ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன். சிறிய குழுக்களின் பதிவுகளை இசைத்தட்டுக்கும் கேசட்டுக்கும் ஏற்றபடி இறுதி செய்து கொடுக்கும் மாஸ்டரிங் வேலையை இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்கிறேன். அதில் பெரும்பகுதி பங்க்கும் ஹார்ட்கோரும்தான். ஆகவே ஒலி, தட்டு, வெளியீட்டு முறை பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குழு நிலைக்கும், எது இரண்டு ஆண்டில் மறக்கப்படும் என்று சொல்லும் இடங்களில் அது என் ரசனை மட்டுமே.

முதலில் நீளம். பதினைந்து நிமிடம் என்பது இன்றைய சோம்பல் இல்லை. ரமோன்ஸின் முதல் ஆல்பம் 1976இல் வந்தது. 14 பாட்டு, மொத்தம் 29 நிமிடம். 1980இல் சர்க்கிள் ஜெர்க்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தில் அதே எண்ணிக்கையில், 14 பாட்டைக் கால் மணி நேரத்தில் முடித்தார்கள். நீங்கள் விரும்பிக் கேட்ட மைனர் த்ரெட்டின் 1981 தட்டில் எட்டுப் பாட்டு. எட்டும் சேர்ந்து பத்து நிமிடம்கூட வராது. 2023இல் ரான்சிட் வெளியிட்ட ஆல்பத்திலும் 16 பாட்டு, அரை மணி நேரத்துக்குள். இந்த இசை தொடக்கத்திலிருந்தே குறுகியதுதான். அந்த வயதில் நாம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. என் மேசையில் தினமும் பார்ப்பது அது. வினைல் தட்டில் ஒலி சத்தமாக இருந்தால், பேஸ் என்ற தாழ்ந்த ஒலி கனமாக இருந்தால், ஊசி ஓடும் பள்ளம் அகலமாக அசைய வேண்டும். அகலமான பள்ளத்துக்கு இடம் வேண்டும். ஒரு பக்கத்தில் அதிக நிமிடங்களைத் திணித்தால் பள்ளங்கள் நெருங்கும், ஒலியின் அளவைக் குறைத்தாக வேண்டும். நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடும் ஏழு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு, ஐந்து நிமிடம் என்றால் தாராளமாக, கனமாக வெட்டலாம். மொத்தம் எட்டு, ஒன்பது நிமிடம், ஐந்தாறு பாட்டு. ஹார்ட்கோருக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை அது. செலவு குறைவு, சத்தம் அதிகம், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். ஒரு குழு முதலில் நாலைந்து பாட்டுக் கொண்ட டெமோ கேசட், அதாவது மாதிரிப் பதிவு, போடும். அது கைமாறினால் ஏழு அங்குலத் தட்டு. அதற்கும் ஆள் சேர்ந்தால்தான் ஆல்பம். நாற்பது ஆண்டுகளாக வரிசை பெரிதாக மாறவில்லை.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவதன் மையம் இதுதான். நீங்கள் ஆல்பங்களை மட்டும் தேடுகிறீர்கள். ஹார்ட்கோரில் ஆல்பம் என்பது காலம் கடந்து வந்து சேரும் செய்தி. அது வருவதற்குள் அந்தக் குழுவின் முதல் வேகம் டெமோவிலும் சிறிய தட்டிலும் பதிவாகி முடிந்திருக்கும். சில குழுக்கள் ஆல்பத்தோடு நின்றும்விடும். ஜெல் என்ற நியூ ஜெர்சிக் குழு 2023இல் 'ஒன்லி கான்ஸ்டன்ட்' என்ற ஆல்பத்தைப் போட்டது. பத்துப் பாட்டு, கால் மணி நேரத்தை ஒட்டி முடிகிறது. ஊர் ஊராகச் சுற்றினார்கள், கூட்டம் பெருகியது. 2025இல் குழு கலைந்துவிட்டது. மைனர் த்ரெட்டும் 1980இல் தொடங்கி 1983இல் முடிந்த குழுதான். எனவே சிறியதாக வரும்போதே கேளுங்கள். இன்று அரங்குகளை நிரப்பும் டர்ன்ஸ்டைல்கூட, 2021 ஆகஸ்டில் 'க்ளோ ஆன்' ஆல்பம் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால், முன்னறிவிப்பில்லாமல் நான்கே பாட்டுள்ள சிறிய வெளியீடு ஒன்றைத்தான் முதலில் கொடுத்தது.

அடுத்தது இரைச்சல். உங்கள் காது முதலில் கிட்டாரைப் பிடிக்கிறது. மெல்லிசை கேட்டுப் பழகிய எல்லாக் காதும் அப்படித்தான், பாடகர் குரலையும் அதற்குத் துணையான கருவியையும் தேடும். ஹார்ட்கோரில் கிட்டார் ஒரு சுவர். சுவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லா வீடும் ஒன்றுபோலத்தான் தெரியும். அடுத்த முறை டிரம்ஸை மட்டும் கேளுங்கள். பிரிட்டனின் டிஸ்சார்ஜ் குழு 1980களின் தொடக்கத்தில் நிலைநிறுத்திய தாளம் ஒன்று உண்டு. டும்-டக், டுடும்-டக், டும்-டக், டுடும்-டக் என்று குதிரை ஓட்டம்போல உருளும். டி-பீட் என்று அதற்கே பெயர் வந்துவிட்டது. ஒருமுறை காதில் ஏறிவிட்டால், ஒரு புதிய தட்டின் முதல் பத்து விநாடியிலேயே அது எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். மைனர் த்ரெட் போன்ற பழைய வாஷிங்டன் குழுக்களின் தாளம் நேராக, அடி மேல் அடியாகப் பாயும். நியூயார்க் வழியில் வந்த குழுக்கள் வேகத்தைவிட எடையை நம்பும். பாட்டின் நடுவில் வேகம் சட்டென்று பாதியாக விழும் இடத்தை பிரேக்டவுன் என்பார்கள். இரண்டாம் காலத்தில் ஓடிக்கொண்டிருந்தது முதல் காலத்துக்கு இறங்குவதுபோல. அந்த இறக்கம் எங்கே வருகிறது, அதற்கு முன் எத்தனை அடி மௌனம் விடுகிறார்கள், திரும்ப எப்படி ஏறுகிறார்கள் என்பதில்தான் நல்ல குழுவும் சுமாரான குழுவும் பிரிகின்றன.

ஒரு பதிவு நடக்கும் விதத்தைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். சில ஆண்டுகளுக்கு முன் நான்கு பேர் கொண்ட குழு ஒன்று ஒரே பிற்பகலில் ஏழு பாட்டைப் பதிவு செய்தது. நான் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூவரும் ஒரே அறையில், ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி. டிரம்மர் குச்சியை நான்கு முறை தட்டுகிறார், பாட்டு தொடங்குகிறது, ஐம்பது விநாடியில் முடிகிறது. மூன்றாவது பாட்டின் பிரேக்டவுனுக்கு முன் டிரம்மர் ஒரு கணம் தாமதித்தார். தவறு என்று நினைத்து நிறுத்தப் போனேன். பேஸ் வாசிப்பவர் அந்தத் தாமதத்தை அப்படியே பிடித்து அவரோடு சேர்ந்து விழுந்தார். அறை அதிர்ந்தது. மீண்டும் இருமுறை வாசித்துப் பார்த்தார்கள், சரியான கணக்கில், எந்தப் பிசிறும் இல்லாமல். இரண்டும் முதலாவதற்கு உறைபோடக் காணவில்லை. தாமதித்த பதிவுதான் தட்டில் இருக்கிறது. மாலையில் நண்பர்கள் எட்டுப் பேர் வந்து ஒரே மைக்கைச் சுற்றி நின்று கூட்டுக்குரல் கொடுத்தார்கள். ஒருவர் குரல் மற்றவர்களை முந்திக்கொண்டு வந்தது. அதையும் அழிக்கவில்லை. ஒரு புதிய வெளியீட்டைக் கேட்கும்போது இப்படிப்பட்ட இடங்களைத் தேடுங்கள். கணினியில் ஒவ்வோர் அடியையும் கோட்டில் இழுத்து வைத்த பதிவுகளில் இது கிடைக்காது. உங்களுக்கு எல்லாம் ஒன்றுபோலக் கேட்பதற்குப் பாதிக் காரணம், பட்டியல்களில் முதலில் வருபவை பெரும்பாலும் அப்படி இழுத்து வைக்கப்பட்டவை என்பதே.

'இன்னும் பங்க்தானா' என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்குள் பெரிய சண்டையே நடக்கிறது. டர்ன்ஸ்டைலை வைத்துத்தான் அதிகம். பால்டிமோரில் ஹார்ட்கோர் குழுவாகத் தொடங்கியவர்கள், 'க்ளோ ஆன்' ஆல்பத்தில் சிந்தசைசரையும் மென்குரலையும் கொண்டுவந்தார்கள். 2025 ஜூனில் வந்த 'நெவர் எனஃப்' அந்தத் திசையில் இன்னும் போகிறது. இது ஹார்ட்கோரே இல்லை என்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடில்லை. பேட் பிரெய்ன்ஸ் 1982இல் கேசட்டாக மட்டும் வெளியிட்ட முதல் ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்தின் மிக வேகமான பாட்டுகளுக்கு நடுவே ஜமைக்காவின் நிதானமான ரெகே பாணியில் முழுநீளப் பாட்டுகள் இருக்கின்றன. 1985இல் வாஷிங்டன் குழுக்கள் வேகத்தைக் குறைத்து மனம் திறந்து பாடத் தொடங்கியபோதும் இதே சண்டை நடந்தது. சிட்னியின் ஸ்பீட் குழு 2024இல் 'ஒன்லி ஒன் மோட்' ஆல்பத்தைப் போட்டது. எடை மிகுந்த பாட்டு ஒன்றின் நடுவில் திடீரென்று புல்லாங்குழல் வருகிறது. வாசிப்பது அந்தக் குழுவின் பாடகரேதான், புல்லாங்குழல் ஆசிரியராகவும் இருப்பவர். குழல் முடிந்ததும் பாட்டு இன்னும் கனமாக விழுகிறது. முதல்முறை கேட்டபோது எழுந்து நின்றுவிட்டேன். ஃபிலடெல்பியாவின் சோல் குளோ 2022இல் 'டயஸ்போரா பிராப்ளம்ஸ்' ஆல்பத்தில் ஹிப்ஹாப்பையும் ஊதுகருவிகளையும் ஹார்ட்கோருக்குள் இழுத்துக்கொண்டது. எது உள்ளே வரலாம் என்பதில் இந்த இசை ஒருபோதும் கறாராக இருந்ததில்லை. யார் பதிவு செய்கிறார்கள், யார் வெளியிடுகிறார்கள், மேடைக்கும் கூட்டத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதில்தான் அது கறாராக இருந்தது. அந்த அளவுகோலில் பார்த்தால் பெரிய அரங்குக்குப் போய்விட்ட குழு எதை இழந்தது என்று கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு இன்னும் காலம் வேண்டும். நான் இப்போது தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

உங்கள் பழைய விருப்பத்திலிருந்தே புதியதற்கு வழி போட்டுக்கொள்வது நல்லது. பேட் ரிலிஜனின் சொல்வளமும் மெட்டும் பிடித்திருந்தால், கனடாவின் புரோபகாண்டி 2025இல் வெளியிட்ட 'அட் பீஸ்' ஆல்பத்தைக் கேளுங்கள். அதற்கு முந்தைய ஆல்பம் 2017இல் வந்தது. எட்டு ஆண்டு யோசித்தவர்களின் நிதானம் இதில் இருக்கிறது, பழைய வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். ரமோன்ஸின் எளிமையும் குறும்பும் வேண்டுமென்றால் மெல்பர்னின் ஆமில் அண்ட் தி ஸ்னிஃபர்ஸ், 2024இல் வந்த 'கார்ட்டூன் டார்க்னஸ்'. கோபத்தையும் சிரிப்பையும் ஒரே மூச்சில் பாடுபவர்கள் வேண்டுமென்றால் பிரைட்டனின் லாம்ப்ரினி கேர்ள்ஸ், 2025 ஜனவரியில் வந்த ஆல்பம். தெருமுனையில் கூடிப் பாடும் வகை பங்க் பிடித்தவர்களுக்கு லண்டனின் தி சிஸல் 2021இல் போட்ட 'ரிட்டாலியேஷன்' போதும், கேட்டு முடித்ததும் தொண்டை கட்டிவிடும். அதே லண்டனின் ஹை விஸ், ஹார்ட்கோரிலிருந்து வந்தவர்கள் மெல்லப் பாடினால் எப்படியிருக்கும் என்பதற்கு உதாரணம். 2022இன் 'பிளெண்டிங்' ஆல்பத்தை நான் இரவுகளில் கேட்பேன். மெட்டலை ஒட்டிய கடும் எடை வேண்டுமென்றால் கென்டக்கியின் நாக்ட் லூஸ் 2024இல் தந்தது, அரை மணிக்குள். ஆனால் அதை முதலில் போடாதீர்கள், நீங்கள் புகார் சொல்லும் இரைச்சல் அங்கே உச்சத்தில் இருக்கும்.

தேடும் இடத்தையும் மாற்றுங்கள். குழுவின் பெயரைப் பின்தொடர்வதைவிட லேபிளை, அதாவது தட்டை வெளியிடும் நிறுவனத்தை, பின்தொடர்வது பலன் தரும். குழுக்கள் கலைந்துபோகும், அதே ஆட்கள் வேறு பெயரில் கூடுவார்கள், லேபிளை நடத்தும் ஒரு மனிதரின் காது மட்டும் அதே காதாக இருக்கும். 1980இல் தங்கள் அப்போதைய குழுவின் தட்டைப் போடுவதற்காக, பின்னர் மைனர் த்ரெட்டைத் தொடங்கிய இயன் மெக்காயும் ஜெஃப் நெல்சனும் தொடங்கிய டிஸ்கார்ட் இதற்கு முன்மாதிரி. இன்று பாஸ்டனின் ட்ரிபிள் பி, பால்டிமோரின் ஃபிளாட்ஸ்பாட், டென்வரின் கன்வல்ஸ், லண்டனின் லா விதா எஸ் உன் முஸ் ஆகிய நான்கையும் கவனித்தாலே ஆண்டுக்குத் தேவையானது கிடைத்துவிடும். கடைசியாகச் சொன்னது உலகின் பல மூலைகளிலிருந்து ஆங்கிலம் அல்லாத மொழிகளில் பாடும் குழுக்களையும் வெளியிடுகிறது. சிங்கப்பூரிலிருந்து மலாய் மொழியில் பாடும் சியால் போன்ற குழுக்களைக் கேட்கும்போது, சொல் புரியாமலே குரலின் சினம் நெஞ்சில் தைக்கும். அந்தப் பாடல் வரிகளின் தரம் பற்றி நான் பேசுவது தகாது. தாளமும் பதிவும் முதல்தரம் என்று மட்டும் என் தொழிலை வைத்துச் சொல்ல முடியும்.

எழுத்தில் படிக்க விரும்பினால் 1982 முதல் வந்த மேக்சிமம் ராக்கன்ரோல் பத்திரிகை 2019இல் அச்சை நிறுத்திவிட்டது, ஆனால் அதன் விமர்சனங்கள் இணையத்தில் தொடர்கின்றன. டெமோ கேசட்டுகளையும் மதித்து எழுதும் இடம் அது. லாஸ் ஏஞ்சலிஸின் ரேஸர்கேக் இன்னும் தாளில் வருகிறது. பொதுவாக உலகம் முழுவதும் புதிய இசை வெள்ளிக்கிழமை வெளியாகும் என்று 2015இல் ஏற்பாடாயிற்று. பெரிய லேபிள்கள் அதைப் பின்பற்றுகின்றன. டெமோ போடும் குழுவுக்குச் செவ்வாய் நள்ளிரவும் ஒன்றுதான். ஆகவே வெள்ளிக்கிழமைப் பட்டியலில் அவை சிக்காது. ஸ்ட்ரீமிங் நிறுவனங்களின் பரிந்துரையையும் இதில் நம்ப வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 விநாடி கேட்டால்தான் கணக்கில் சேரும். 2024 முதல், ஆண்டுக்கு ஆயிரம் முறைக்குக் குறைவாகக் கேட்கப்படும் பாட்டுக்குப் பணமும் கிடையாது. 40 விநாடிப் பாட்டு ஐந்தைப் பதிவேற்றும் சிறுவர்களுக்கு இந்த அளவுகோல் எங்கே பொருந்தும்? பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்குங்கள். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொண்டு, பணப்பரிமாற்றக் கட்டணமும் போக மீதி குழுவுக்குப் போகும். 2020இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளி என்று அறிவிக்கும் நாட்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. 'புதிய வெளியீடு' என்று வருவதெல்லாம் புதியது அல்ல. பழைய தட்டின் மறுபதிப்பு, பழைய மேடைப் பதிவு, ஒலியை மட்டும் திருத்திய பதிப்பு எல்லாம் அதே பட்டியலில் வரும். சில வேளை எது புதியது என்பதே குழம்பும். டிசென்டென்ட்ஸ் 2021இல் வெளியிட்ட '9த் அண்ட் வால்நட்' ஆல்பத்தின் பாட்டுகள் 1970களின் இறுதியில் எழுதப்பட்டவை. கருவிகளை 2002இல் பழைய உறுப்பினர்கள் கூடி வாசித்தார்கள். கிட்டார் வாசித்த ஃபிராங்க் நவெட்டா 2008இல் இறந்துபோனார். குரல் சேர்க்கப்பட்டது 2020இல். 40 ஆண்டு கழித்து முடிந்த ஒரு வேலை அது. இறந்தவரின் கிட்டாரோடு உயிருள்ளவரின் வயதான குரல் சேரும் அந்த இருபத்தைந்து நிமிடங்களை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பழையதையும் புதியதையும் பிரிக்கும் உங்கள் கோடு அதில் கொஞ்சம் கரைந்துபோகும்.

வினைல் வாங்கும் எண்ணமிருந்தால் பொறுமையும் வேண்டும். தட்டு வெட்டுவதற்கான அரக்குப்பூச்சுத் தகடு செய்யும் ஆலைகள் உலகத்தில் இரண்டே இருந்தன. அவற்றில் கலிபோர்னியாவில் இருந்த அப்பல்லோ 2020 பிப்ரவரியில் தீக்கிரையானது. தொற்றுக்காலத்தில் தட்டுகளுக்கான தேவையும் ஏறியதால் சிறிய லேபிள்கள் மாதக்கணக்கில் வரிசையில் நின்றன. நான் இறுதி செய்து அனுப்பிய ஒரு தட்டு கைக்கு வருவதற்குள் அந்தக் குழு கலைந்தே போயிருந்தது. பெட்டியைத் திறந்து பார்க்கக்கூட மூவர்தான் வந்தார்கள். இப்போது நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் டிஜிட்டல் முதலில், தட்டு பிறகு என்ற பழக்கம் நிலைத்துவிட்டது.

இந்த வாரம் மூன்றை மட்டும் கேளுங்கள். முதலில் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் மைனர் த்ரெட்டின் எட்டுப் பாட்டு, டிரம்ஸை மட்டும் கவனித்து. அது முடிந்த கையோடு ஜெல்லின் கால் மணி நேரம், அதே கவனத்தோடு. மறுநாள் ஸ்பீட். இரண்டாவதைக் கேட்கும்போது எந்தப் பாட்டில் முதல்முறையாக டிரம்மர் வேகத்தை விட்டு இறங்குகிறார் என்று குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள். அங்கிருந்து அடுத்த பெயர்களைச் சொல்கிறேன்.